வாரம் இரண்டு மணி நேரத்தில் தமிழ் வருமா?

வெளிநாட்டில் பிள்ளையை வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் முதலில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு 2 மணி நேரம், ஆண்டுக்கு 40 வாரம் என்றால் 80 மணி நேரம். ஆங்கிலம் பேசும் தூதரக அதிகாரி ஒருவருக்கு, அலுவலுக்குப் போதுமான தமிழ் வர 44 வாரம், 1,100 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று அமெரிக்க அரசின் ஃபாரின் சர்வீஸ் இன்ஸ்டிட்யூட் வகுத்து வைத்திருக்கிறது. வார இறுதி வகுப்பை மட்டும் நம்பினால் அந்த மணிக்கணக்கை எட்டவே பதினான்கு ஆண்டுகள் வேண்டும். பெரியவர்களுக்கான கணக்கு குழந்தைக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் ஒன்று தெளிவாகிறது. தமிழ் வளரும் இடம் சமையலறை, குளியலறை, காரின் பின் இருக்கை. வகுப்பு அதற்குத் துணை மட்டுமே.

இன்னொரு விஷயம் வரிசை. காது முதலில், வாய் அடுத்து, எழுத்து அதற்குப் பிறகு. குழந்தையோ பெரியவரோ, பாதியில் மொழியைக் கைவிட்டவர்களில் பலருக்கு இந்த வரிசை தலைகீழாகத்தான் போயிருக்கும். வாயில் பத்து வாக்கியம் வருவதற்குள் 247 எழுத்தையும் மனப்பாடம் செய்ய வைத்திருப்பார்கள்.

காதின் வேலை பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. பிறந்த சில நாட்களிலேயே குழந்தை அம்மாவின் குரலை வேறு பெண்ணின் குரலிலிருந்து பிரித்தறிகிறது. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு தமிழர்களுக்கு நெருக்கமானது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளுக்கு, இந்தியில் உள்ள த, ட ஒலி வேறுபாடு கேட்டது. பத்து, பன்னிரண்டு மாதம் ஆனதும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த வேறுபாடு நழுவிவிட்டது. இந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளுக்கு அது நழுவவில்லை. நம் பத்து, பட்டு வேறுபாடும் இதே வகைதான். ‘கொஞ்சம் பெரியவளாகட்டும், தமிழில் பேசலாம்’ என்று தள்ளிப்போடும் வீட்டில் கைவிட்டுப் போவது இந்த முதல் ஆண்டின் காது.

அந்த ஆண்டை யூடியூப் பாட்டால் ஈடுகட்ட முடியாது. பாட்ரீஷியா கூலின் குழு 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுடன் சீன மொழி பேசுபவர்கள் பன்னிரண்டு அமர்வுகள் உட்கார்ந்து விளையாடினார்கள், படித்துக் காட்டினார்கள். அந்தக் குழந்தைகள் சீன ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையிலோ ஒலிப்பதிவிலோ வந்தபோது குழந்தைகள் எதுவும் கற்கவில்லை. எதிரில் இருப்பவர் தன்னைப் பார்த்துத் தனக்குப் பதில் சொல்கிறார் என்பதுதான் குழந்தையின் காதைத் திறக்கிறது. ஊரிலிருக்கும் பாட்டியுடன் நடக்கும் நேரலை வீடியோ அழைப்பு இதனால்தான் பதிவு செய்த வீடியோவை விட உதவுகிறது. இரண்டு வயதுக் குழந்தைகள் நேரலை அழைப்பில் புதிய வினைச்சொல்லைக் கற்றதும், பதிவிலிருந்து கற்காததும் 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தெரிந்தது. அழைப்பில் ‘பாட்டிக்கு ஹாய் சொல்லு’ என்று குழந்தையைத் திரைக்கு முன்னால் நிறுத்தினால் அரை நிமிடத்தில் ஓடிவிடும். ஒரு வேலை கொடுங்கள். பாட்டி ஒரு பொருளை முந்தானைக்குள் ஒளித்து வைக்கட்டும், குழந்தை கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்கட்டும். தினம் பத்து நிமிடம் போதும்.

மம்மு, தாச்சி, ஜோஜோ, உவ்வா என்று கொஞ்சிப் பேசுவதைத் தவறென்று நினைப்பவர்கள் உண்டு. ஓசை இரட்டிக்கும் சிறு சொற்களும், இழுத்து ஏற்ற இறக்கத்தோடு பேசுவதும் குழந்தை ஒலியைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கேட்க உதவுபவை. மம்மு என்று சொன்ன வாயாலேயே ‘மம்மு சாப்பிடலாமா? சோறு சூடா இருக்கு’ என்று முழு வாக்கியமும் சொல்லுங்கள். காக்காவைத் ‘தாத்தா’ என்றும் மரத்தை ‘மயம்’ என்றும் குழந்தை சொல்வது வளர்ச்சியின் இயல்பான கட்டம். ர, ற, ள, ழ எல்லாம் கடைசியில் வருபவை. திருத்த வேண்டாம், சரியான வடிவத்தில் திருப்பிச் சொன்னால் போதும்.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. பன்னிரண்டு மாதத்தில் மழலை ஒலியும் விரல் நீட்டிக் காட்டுவதும் இல்லை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் தானாக இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, வந்த சொல் எந்த வயதிலாவது மறைந்து போகிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் செவித்திறன் பரிசோதனை. பிறந்த ஒரு மாதத்துக்குள் காது சோதனை, குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதே மருத்துவ உலகின் இலக்கு. ‘ரெண்டு பாஷை பேசறதால லேட்டாகுது, தமிழை நிறுத்திடுங்க’ என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். இருமொழி கேட்பதால் பேச்சுக் குறைபாடு வருவதில்லை. சொல் எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்து எண்ண வேண்டும். தமிழில் 30, ஆங்கிலத்தில் 30 என்றால் அந்தக் குழந்தையிடம் 60 சொல் இருக்கிறது. ஆங்கிலப் பட்டியலை மட்டும் வைத்து ‘பின்தங்கிய குழந்தை’ என்று முத்திரை விழுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

இரண்டரை, மூன்று வயதில் பாலர் பள்ளி தொடங்கியதும் உண்மையான சோதனை வருகிறது. அம்மா தமிழில் கேட்பாள், பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லும். இந்த இடத்தில் பெற்றோர் என்ன செய்கிறார்கள் என்பதுதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. நார்வேயில் வளர்ந்த இருமொழிக் குழந்தைகளை ஆராய்ந்த எலிசபெத் லான்சா, பெற்றோரின் பதில்களை ஐந்து வகையாகப் பிரித்தார். நம் வீட்டுக்கு அதை மாற்றிப் பார்ப்போம். பிள்ளை ‘அம்மா, ஐ வாண்ட் வாட்டர்’ என்கிறது. ‘என்ன கேட்ட, புரியலையே?’ என்பது முதல் வகை. ‘தண்ணி வேணுமா?’ என்று ஊகித்துக் கேட்பது இரண்டாவது. ‘ம், தண்ணி வேணும்’ என்று தமிழில் திருப்பிச் சொல்வது மூன்றாவது. பேசாமல் தண்ணீரைக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பது நான்காவது. ‘ஓகே, டேக் இட்’ என்று தானும் ஆங்கிலத்துக்குத் தாவுவது ஐந்தாவது. முதல் மூன்றும் உரையாடலைத் தமிழுக்குள் இழுத்து வைக்கும். கடைசி இரண்டும், ‘இந்த வீட்டில் தமிழ் கேட்டுக்கொண்டால் போதும், பேச வேண்டியதில்லை’ என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும்.

நடைமுறையில் நன்றாக வேலை செய்வது இரண்டாவதின் ஒரு சிறு மாற்றம். ‘தண்ணி வேணுமா?’ என்றால் பிள்ளை ‘எஸ்’ என்று தலையாட்டிவிடும். ‘தண்ணி வேணுமா, மோர் வேணுமா?’ என்று கேளுங்கள். பதில் சொல்ல ஒரு தமிழ்ச் சொல் வாயிலிருந்து வந்தாக வேண்டும், அந்தச் சொல்லும் கேள்வியிலேயே கையருகில் இருக்கிறது. அடுத்த கட்டமாக ‘சின்ன டம்ளர்லயா, பெரிய டம்ளர்லயா? ஏன்?’ என்று நீட்டலாம். ‘தமிழ்ல சொன்னாத்தான் தருவேன்’ என்று மட்டும் மிரட்டாதீர்கள். அடிபட்டு அழும்போது, பள்ளியில் நடந்த அவமானத்தைச் சொல்ல வரும்போது, மொழியைப் பார்க்கவே கூடாது. அப்போது முதலில் பிள்ளை, மொழி பிறகு.

‘நான் சோஃபாலேருந்து ஜம்ப் பண்ணேன்’ என்பதைக் கேட்டுப் பதற வேண்டியதில்லை. ‘லேருந்து’ சரியான இடத்தில் நிற்கிறது, ‘பண்ணேன்’ என்ற முடிவும் சரி. வாக்கியத்தின் எலும்பு முழுக்கத் தமிழ், ஒரு சொல்தான் வெளியிலிருந்து வந்திருக்கிறது. ‘ஓ, குதிச்சியா! எவ்ளோ உயரத்துலேருந்து குதிச்ச?’ என்று இரண்டு முறை அந்தச் சொல்லைப் பேச்சோட்டத்தில் கொடுத்துவிட்டுக் கதையைத் தொடருங்கள். பெயர்ச்சொல்லை விட வினைச்சொல் முதலில் கரைந்து ‘பண்ணு’வில் போய் நிற்பது புலம்பெயர்ந்த வீடுகளில் பரவலாகத் தெரிகிறது. அதனால் வினையில் கவனம் வையுங்கள்: உரி, நறுக்கு, கிள்ளு, பிசை, பிழி, துவை, உதறு, மடி. இவை எல்லாமே சமையலறையிலும் துணி மடிக்கும்போதும் தானாக வருபவை.

அப்பா ஒரு மொழி, அம்மா ஒரு மொழி என்ற முறை பழையது. பிரெஞ்சு மொழியியலாளர் ஜூல் ரோன்ஷா தன் மகன் லூயியை அப்படி வளர்த்த விவரத்தை 1913-இல் வெளியிட்டார். ஆனால் அதுவே உத்தரவாதம் ஆகாது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் ஏறத்தாழ 1,900 இருமொழிக் குடும்பங்களை ஆராய்ந்து ஆனிக் டி ஹவர் 2007-இல் வெளியிட்ட முடிவின்படி, கிட்டத்தட்ட நான்கில் ஒரு குடும்பத்தில் பிள்ளைகள் வீட்டு மொழியைப் பேசவில்லை. பெற்றோர் இருவரும் வீட்டில் சிறுபான்மை மொழியையே பேசிய குடும்பங்கள்தாம் மிக நன்றாகத் தேறின. ஆகவே இருவருக்கும் தமிழ் தெரிந்த வீட்டில், ‘நீங்க இங்கிலீஷ் பேசுங்க, நான் தமிழ் பேசறேன்’ என்று பங்கு போடுவது வீண் இழப்பு. ஆங்கிலத்தைப் பள்ளியும் தெருவும் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது பிள்ளைக்குக் கூடுதல் கவனம் தேவை, ஏனென்றால் மூத்தது பள்ளியிலிருந்து ஆங்கிலத்தைக் கொண்டுவந்து தம்பி தங்கையிடம் அதிலேயே பேசும். விதி போட்டு இதை நிறுத்த முடியாது. மூத்தது தமிழில் கதை சொல்ல வேண்டிய ஒரு நேரத்தை, தூங்கப் போகும்முன் என்று வைத்துக்கொள்ளுங்கள், பழக்கமாக்கலாம்.

எழுத்துக்கு வருவோம். பேச்சு ஓரளவு ஓடும் பிள்ளைக்கு ஐந்து, ஆறு வயது நல்ல நேரம். அ, ஆ, இ, ஈ என்று உயிரெழுத்தில் தொடங்கி, ஓராண்டு கழித்து ஒரு சொல்லைப் படிக்க வைப்பதை விட, வடிவம் எளிய நான்கு எழுத்தை எடுத்து உடனே சொல் படிக்க வையுங்கள். ட, ப, ம, ய, கூடவே புள்ளி வைத்த ‘ம்’ போதும்: படம், மடம், பயம். டகரத்துக்கும் புள்ளி வைத்துக் காட்டினால் பட்டம் வந்துவிடும். துணைக்கால் சேர்த்தால் பாடம், மாடம், மாயம். முதல் வாரத்திலேயே பிள்ளை ஏதோ ஒன்றைத் தானாகப் படித்திருக்கும். சிக்கல் வரும் இடங்கள் மூன்று. முதலாவது, கெ, கே, கை போன்றவற்றில் குறி இடப்புறம் நிற்கும், ஒலி பின்னால் வரும். கொ, கோவில் இரண்டு பக்கமும் நிற்கும். இவற்றை உடைத்து விளக்காமல் ஒரே உருவமாகப் பழக்க வேண்டும். இரண்டாவது, உகர வரிசை. கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு குடும்பம்; சு, பு, யு, வு இன்னொன்று; து, நு, லு, று, ணு, னு மூன்றாவது. அகர வரிசைப்படி போகாமல் குடும்பம் குடும்பமாகக் கொடுத்தால் பாதி நேரம் மிச்சம். மூன்றாவது, ஓர் எழுத்துக்குப் பல ஒலி. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லோசை (பாட்டு, பக்கம்), மெல்லினத்துக்குப் பின்னும் (தங்கம், பஞ்சு, வண்டி, பந்து, தம்பி), இரண்டு உயிரொலிக்கு நடுவே ஒற்றையாக வரும்போதும் (படம், பகல்) மென்மையான ஓசை. ஆங்கிலம் படிக்கும் பிள்ளை இது p ஓசையா, b ஓசையா என்று தடுமாறுவது இங்கேதான். இந்த ஒரு விதியைச் சொன்னால் பெரும்பாலும் பஸ், பல்ப் போல வேறு மொழியிலிருந்து வந்த சொற்கள்தான் பாக்கி.

அதைவிடப் பெரிய தடை பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். பிள்ளை ‘இருக்கு’ என்கிறது, புத்தகம் ‘இருக்கிறது’ என்கிறது. ஆசிரியர் பேச்சைத் திருத்தத் தொடங்கிவிட்டால், தான் வீட்டில் பேசும் தமிழே தப்பு என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். பிறகு வீட்டிலும் வாய் திறக்காது. சிங்கப்பூரில் 2005-ஆம் ஆண்டு மறுஆய்வுக்குப் பிறகு பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் முறையான இடம் தந்தது இந்தப் பிரச்சினையைப் புரிந்துகொண்டுதான். இரண்டுக்கும் இடையே பாலம் போடுவது எளிது, ஏனென்றால் மாற்றங்களில் பெரும்பாலானவை ஒழுங்கானவை. படித்தேன் படிச்சேன் ஆகிறது, வைத்தேன் வெச்சேன், ஐந்து அஞ்சு: இகரம், ஐகாரத்துக்குப் பின் த்த, ந்த இரண்டும் ச்ச, ஞ்ச ஆகின்றன. இலை எல, விலை வெல. உலகம் ஒலகம், குடம் கொடம். வேண்டும் வேணும், வந்துகொண்டிருக்கிறேன் வந்துக்கிட்டிருக்கேன். யாழ்ப்பாணத்து வீடானால் ‘இருக்கிறன்’, ‘சாப்பிட்டிட்டன்’ என்று அந்த வீட்டின் வடிவத்தையே வையுங்கள். படக்கதையை முதலில் அச்சில் உள்ளபடி ஒரு பக்கம் படியுங்கள், உடனே அதே பக்கத்தைப் பேச்சில் சொல்லுங்கள். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிலை வாரியாக இலவசமாகவே கிடைக்கின்றன.

இனி பெரியவர்கள். ‘வயசாயிடுச்சு, இனிமே பாஷை ஏறாது’ என்பது பாதி உண்மை. நெதர்லாந்துக்குக் குடிபோன ஆங்கிலம் பேசுபவர்களைப் பற்றி ஸ்னோவும் ஹூஃப்னாகல்-ஹோலவும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் சில மாதங்களில் சிறு குழந்தைகளை விடப் பதின்பருவத்தினரும் பெரியவர்களும் வேகமாகக் கற்றார்கள். நீண்ட காலத்தில்தான் சிறுவயதில் தொடங்கியவர்கள் முந்துகிறார்கள், அதிலும் உச்சரிப்பில். எனவே பெரியவரின் பலம் விதியைப் பிடிப்பது, பலவீனம் ஒலி. பயிற்சியையும் அதற்கேற்ப அமைக்க வேண்டும்.

ஒலியில் ழகரத்தைத் தூக்கிக்கொண்டு தொடங்குவது வீண். தமிழர்களிலேயே பலர் அதை ளகரமாகச் சொல்கிறார்கள், பேச்சு புரியாமல் போவதில்லை. பொருளை உடைப்பவை குறில் நெடிலும் ஒற்று இரட்டிப்பதும். இந்தியில் எகர, ஒகரக் குறில் தனியாக இல்லாததால் வட இந்தியருக்கு எடு/ஏடு, கொடு/கோடு ஆகிய இணைகள் குழம்பும். ஆங்கிலம் பேசுபவருக்குக் கடை/கட்டை, குதிச்சான்/குத்தினான் குழம்பும். பல்/பால், பட்டு/பாட்டு என்று இப்படி இருபது இணைகளை எடுத்து, ஆணும் பெண்ணுமாக ஐந்து பேர் குரலில் செல்பேசியில் பதிவு செய்யுங்கள். ஒரே குரலில் பழகினால் அந்தக் குரல் மட்டும்தான் பிடிபடும். தினம் பத்து நிமிடம் கலந்து ஒலிக்கவிட்டு, எது என்று சொல்லி, உடனே விடையைச் சரிபார்க்க வேண்டும். இருபதில் பதினெட்டு சரியாக வந்த பிறகு வாயால் சொல்லிப் பார்க்கலாம். காதுக்குக் கேட்காத வேறுபாட்டை வாய் எவ்வளவு முயன்றாலும் தற்செயலாகத்தான் பிடிக்கும்.

இலக்கணத்தில் முதலில் எடுக்க வேண்டியது ‘எனக்கு’. எனக்குப் பசிக்குது, எனக்குத் தெரியும், எனக்குப் புடிக்கும், எனக்கு வேணும். ஆங்கிலத்திலிருந்து வருபவர் ‘நான் தெரியும்’ என்று தொடங்கி, அதையே ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார். கேட்பவருக்குப் புரிந்துவிடுவதால் யாரும் திருத்துவதில்லை. இந்தி பேசுபவருக்கு இது எளிது, அவர் மொழியிலும் பசி ‘எனக்கு’த்தான். அடுத்து, எந்த வினையையும் இறந்தகாலத்தோடு சேர்த்தே மனதில் ஏற்ற வேண்டும். வா, வரேன், வந்தேன். குடு, குடுக்கறேன், குடுத்தேன். நில்லு, நிக்கறேன், நின்னேன். இறந்தகால வடிவம்தான் ஊகிக்க முடியாதது. அது கைக்கு வந்துவிட்டால் வந்து, வந்த, வந்தா, வந்தாலும் எல்லாம் அதிலிருந்தே கிளைக்கும். அது இல்லாமல் ‘வா’ மட்டும் தெரிந்தவர் கட்டளையிலேயே நின்றுவிடுவார்.

தெருவில் இறங்கியதும் வேறு தடை. தமிழர்கள் அன்போடு ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார்கள். ‘தமிழ்லயே சொல்லுங்க, கொஞ்சம் மெதுவா’ என்ற வாக்கியத்தை முதல் நாளே தடங்கலின்றிச் சொல்லப் பழக வேண்டும். முறையாகப் படிக்க விரும்பும் பிற மாநில ஆசிரியர்களுக்கு, மைசூரில் உள்ள தென்மண்டல மொழி மையத்தில் பத்து மாதத் தமிழ்ப் பட்டயப் படிப்பு இருக்கிறது.

திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னைக் கட்டுமானத் தளங்களிலும் பீகார், ஒடிசா, ஜார்கண்டிலிருந்து வந்தவர்கள் வகுப்பே இல்லாமல் தமிழ் பேசுகிறார்கள். அவர்கள் தமிழைக் கவனித்துக் கேட்டால் ஒன்று தெரியும்: எடு, போடு, வா, போ. தன்னை விட மூத்தவரிடமும் கடைக்காரரிடமும் ‘ஏய், குடு’ என்று சொல்லி வசவு வாங்குகிறார்கள். மரியாதை தெரியாதவர்கள் என்று ஊர் பேசுகிறது. அவர்கள் காதில் விழுந்த தமிழ் அவ்வளவுதான். அவர்களிடம் யாரும் ‘எடுங்க’ என்று சொன்னதில்லை. மேஸ்திரியும் முதலாளியும் ‘வாங்க, அந்தப் பக்கம் வைங்க’ என்று பேசத் தொடங்கினால், வேறு பாடம் எதுவும் இல்லாமலே அந்த ‘ங்க’ அவர்கள் வாயிலும் ஏறும்.

அவர்களின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் சேர்ந்து, விளையாட்டு மைதானத் தமிழை ஓரிரு ஆண்டில் பிடித்துவிடுகிறார்கள். பாடப்புத்தகத் தமிழுக்கு அதைப்போல் மூன்று மடங்கு காலமும் ஆகலாம். கனடாவில் குடியேறிய பிள்ளைகளை வைத்து கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் சொன்னது பேச்சுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு, பாடமொழிக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டு. சரளமாகச் சண்டை போடும் பையன் கணக்கில் மட்டும் சைபர் வாங்கினால், ஆசிரியர் அந்தக் கணக்கை ‘ஒரு கடையில அறுபது முட்டை இருக்கு, பதினெட்டு ஒடஞ்சுபோச்சு, மிச்சம் எவ்ளோ?’ என்று பேச்சில் கேட்டுப் பார்க்க வேண்டும். விடை சரியாக வந்தால் கணக்குக்குக் கூடுதல் வகுப்பு தேவையில்லை. ‘எஞ்சியவை’, ‘மொத்தம்’, ‘ஒவ்வொன்றும்’, ‘வீதம்’ போன்ற கேள்வித்தாள் சொற்களைத் தனிப்பட்டியலாக எழுதிக் கொடுக்க வேண்டும்.